பொய்த்த துளை

என் அண்ணனுடைய தோட்டத்தில் நான்கு துளைகள் இருக்கின்றன. மூன்று பொய்த்துப் போனவை. நான்காவதில் ஒன்றரை அங்குலத் தண்ணீர் வருகிறது. சிவகிரிப் பக்கத்தில் இது நல்ல கணக்குத்தான். ஆறு துளை போட்டு ஆறும் புழுதி கக்கியவர்கள் உண்டு. ஆகையால் என் அண்ணன் அதிர்ஷ்டசாலி என்று ஊரில் பேச்சு. அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

இந்தத் துளைகளைப் பற்றி எழுத வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. பத்திரிகை நண்பர் ஒருவர் கேட்டது வேறு விஷயம். பூமிக்குள் இருக்கும் உஷ்ணத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கிறார்களாமே, நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் பதிலாக அது வந்துவிடுமா, மத்திய சர்க்கார்கூட 2025-ல் அதற்கென்று ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டிருக்கிறதே, அதைப் பற்றி ஒன்று எழுதிக் கொடுங்கள் என்றார். கதாநாயகியின் பெருமூச்சில் இருக்கும் உஷ்ணத்தைத் தவிர வேறு எந்த உஷ்ணத்தையும் நான் ஆராய்ந்தவன் அல்ல என்று சொல்லிப் பார்த்தேன். அவர் விடவில்லை. படிப்பதற்கு ஒரு கட்டுக் காகிதங்களையும் அனுப்பிவிட்டார். சென்ற மார்கழியில் ஊருக்குப் புறப்பட்டபோது அவற்றைப் பையில் திணித்துக்கொண்டு பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறினேன்.

எதிர் இருக்கையில் ஒரு பெரியவர். தென்காசியில் மகள் வீட்டுக்குப் போகிறவர். நான் காகிதங்களைப் புரட்டுவதைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னா சார், பரீட்சைக்கா?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"பூமிக்குள்ள சூடா? அத எங்கிட்ட கேளுங்க சார்" என்றார். கோலார் தங்க வயலில் வேலை பார்த்தவர். அவருடைய தகப்பனாரும் அங்கேதான் இருந்தாராம். வட ஆற்காட்டிலிருந்து போய் அந்தச் சுரங்கங்களில் இறங்கிய தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ, அவற்றில் ஒன்று. 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடியபோது வெளியே வந்தவர்.

"நான் சாம்பியன் ரீஃப்ல இருந்தேன். ரொம்பக் கீழ போனா பாறை மேல கை வெக்க முடியாது. வெச்சா உடனே எடுத்துக்கணும். சட்டையப் பிழிஞ்சா தண்ணி கொட்டும். மேலேருந்து குளுந்த காத்து அனுப்புவாங்க. அது எங்ககிட்ட வந்து சேர்றதுக்குள்ள அதுக்கே வேர்த்துடும்!"

அவர் சிரித்தார். பிறகு என் காகிதங்களைச் சந்தேகத்தோடு பார்த்தார். "அந்தச் சூட்ட வெளிய தள்ளுறதுக்குத்தான் சார் எங்க கம்பெனி கரண்டு செலவு பண்ணிச்சு. அதுலேர்ந்து கரண்டு எடுக்குறாங்களா?"

கோலாருக்கு மின்சாரம் வந்த கதையே ஒரு சரித்திரம். 1902-ல் காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து தொண்ணூறு மைலுக்கு மேல் கம்பி இழுத்து அங்கே கொண்டுபோனார்கள். மலையிலிருந்து விழும் தண்ணீரின் வேகத்தைக் கொண்டு, பூமிக்குள் கொதிக்கும் பாறையோடு நூறு வருஷம் போராடியிருக்கிறார்கள்.

பெரியவர் தூங்கிய பிறகு காகிதத்தின் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டேன். கோலாரில் இறங்கிய ஆழம் மூன்று கிலோமீட்டருக்கும் சற்று அதிகம். அங்கே பாறையின் சூடு அறுபத்தைந்து டிகிரி என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று டிகிரிதான் ஏறுகிறது. உலகத்தில் பொதுவாக இருபத்தைந்து, முப்பது ஏறும். தென்னாட்டுப் பாறை மிகப் பழையது, ஆறிப்போன பாறை. சிவகிரியின் பாறையும் அதே ஜாதிதான். அதே கணக்கு என்று கொண்டால், ஒரு யந்திரத்தை ஒழுங்காகச் சுழற்றுவதற்கு வேண்டிய நூற்றைம்பது டிகிரியை எட்ட ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் துளைக்க வேண்டும். ஏறக்குறைய முப்பதாயிரம் அடி. ருஷ்யர்கள் கோலா என்ற இடத்தில் 1970-ல் தொடங்கிப் பத்தொன்பது வருஷம் துளைத்து 12,262 மீட்டர் போனார்கள். அதற்கு மேல் போக உஷ்ணம் விடவில்லை.

சங்கரன்கோவிலில் இறங்கி பஸ் பிடித்தபோது நன்றாக விடியவில்லை. வழியில் காற்றாடி யந்திரங்கள் கைகளை விரித்துக்கொண்டு அசையாமல் நின்றன. ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று பாய்ந்து வரும்போது இவை சுழலும் அழகே தனி. மார்கழியில் தூக்கந்தான். சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கும் பலகைகளுக்கு அந்தியோடு வேலை முடிந்துவிடும். அப்போதெல்லாம் கப்பலில் வந்து இறங்கும் நிலக்கரியை எரித்துத் தூத்துக்குடி அனல் மின்நிலையம் போன்றவைதான் நம் வீட்டு விளக்கைக் காப்பாற்றுகின்றன. பூமியின் உஷ்ணத்துக்கு இரவு பகல் கிடையாது, பருவம் கிடையாது. அதனால்தான் விஞ்ஞானிகளுக்கு அதன்மேல் இவ்வளவு மோகம். அது நியாயமான மோகம் என்றே எனக்கும் பட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாகக் கிணற்றடிக்குப் போனேன். மேற்கே மலை இன்னும் பனிக்குள்தான் இருந்தது. எங்கள் அப்பா காலத்துக் கிணறு. பாறையில் தோட்டா வைத்து வெட்டி அறுபது அடி இறக்கியது. ஒரு காலத்தில் கமலை இறைத்த கிணறு. சிறுவனாக இருந்தபோது மார்கழி விடியலில் இதன் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும். சித்திரையில் அதுவே சில்லென்று இருக்கும். அடியில் யாரோ அடுப்பு வைத்திருக்கிறார்கள், குளிர்காலத்தில் மட்டும் மூட்டுகிறார்கள் என்று நான் நம்பினேன். உண்மை என்னவென்றால் தண்ணீர் வருஷம் முழுவதும் ஒரே சூட்டில்தான் இருக்கிறது. மாறுவது நம் உடம்பைச் சுற்றியுள்ள காற்று. நாற்பது வருஷங்களுக்குப் பிறகு இதைக் காகிதத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். இப்போது அந்தக் கிணற்றில் வாளி விட்டால் தண்ணீர் வராது. தொட்டியில் நிற்பது நான்காவது துளையின் தண்ணீர். எழுநூற்று நாற்பது அடியிலிருந்து வருவது. அது உண்மையாகவே கொஞ்சம் வெதுவெதுப்புத்தான்.

2016-ல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சிப் பிரதேசமாக அறிவித்தார்கள். அப்பா கிணறு அந்த மாசியில் வற்றியது. அண்ணன் போர் போடுவதென்று தீர்மானித்தார். நீரோட்டம் பார்க்கிறவரை அழைத்து வந்தார்கள். உள்ளங்கையில் தேங்காயைக் கிடத்திக்கொண்டு அவர் தோட்டத்தைச் சுற்றினார். ஓர் இடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. திருச்செங்கோட்டு வண்டி வந்தது. (இந்தியாவில் எந்த மூலையில் போர் போட்டாலும் வருகிற வண்டி திருச்செங்கோட்டு வண்டியாகத்தான் இருக்கும் போலிருக்கிறது. துளை போடுவதில் உலகத்துக்கே பாடம் சொல்லக்கூடிய ஊர் அது.) அறுநூற்றைம்பது அடி. வந்தது வெள்ளை மாவு. காற்றில் பறந்து எலுமிச்சை இலைகளின் மேல் படிந்தது. இரண்டாவது, எண்ணூற்று இருபது அடி. மாவு கொஞ்சம் ஈரமாக வந்தது, அதோடு சரி. மூன்றாவது, தொள்ளாயிரத்து அறுபது அடி. வண்டிக்காரர்கள் அடிக்கு இவ்வளவு என்று எண்ணி வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள்மேல் குற்றமில்லை. அவர்கள் விற்பது துளையை, தண்ணீரை அல்ல.

நான்காவதற்கு அண்ணன் எனக்குப் போன் செய்தார். "ஏலே, ஒரு லட்சம் அனுப்பு. இந்த ஒண்ணுதான். பாத்துருவோம்." நான் சென்னையில் உட்கார்ந்துகொண்டு அவருக்கு நிலத்தடி நீரைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தேன். பாறையில் வெடிப்பு இருந்தால்தான் தண்ணீர், வெடிப்பு இல்லாத இடத்தில் எவ்வளவு ஆழம் போனாலும் வீண், இது சூதாட்டம், இதோடு நிறுத்துவதுதான் புத்திசாலித்தனம் என்றேன். சொன்னது எல்லாம் சரிதான். "சரிலே" என்று போனை வைத்தார். ஒன்றரை ஏக்கர் எலுமிச்சந் தோட்டத்தை விற்றார். நான்காவது துளையில் தண்ணீர் வந்தது.

அது எங்கள் இருவருக்கும் பொதுவான பூமி. இன்றுவரை பாகம் பிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் மோட்டார் அறை வாசலில் கட்டிலைப் போட்டுக்கொண்டு அண்ணன் கேட்டார்: "என்னலே எழுதப் போற?"

சொன்னேன். பூமிக்குள் போகப் போகச் சூடு. ஆழத்தில் இருக்கும் வெந்நீரை மேலே கொண்டுவந்தால் அதன் ஆவி யந்திரத்தைச் சுழற்றும். சூடு கொஞ்சம் குறைவானால், தண்ணீரைவிடச் சீக்கிரம் கொதிக்கிற ஒரு திரவத்தை அந்த வெந்நீரால் கொதிக்க வைத்து, அதன் ஆவியால் சுழற்றலாம். ஆறிய நீரை மறுபடியும் உள்ளே விட்டுவிடலாம். புகை இல்லை, கரி இல்லை. இத்தாலியில் லார்டரெல்லோ என்ற ஊரில் 1904-லேயே ஒரு பிரபு இப்படி நாலைந்து விளக்குகளை எரித்துக் காட்டினார். அந்த ஊரில் இன்றும் மின்சாரம் எடுக்கிறார்கள்.

"நம்ம நாட்டுல?"

"இருக்கு. புவியியல் துறைக்காரங்க கணக்குப்படி 10,600 மெகாவாட். வெந்நீர் ஊற்று மாதிரியான இடம் 381 கண்டுபிடிச்சு வச்சிருக்காங்க."

அண்ணன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அவசரப்படவில்லை.

"எங்க சூடு இருக்குன்னு மேலேர்ந்து தெரியுமா?"

"ஓரளவு தெரியும். துளைச்சாத்தான் நிச்சயம். சூடு மட்டும் இருந்தாப் பத்தாது. அடியில தண்ணி இருக்கணும், அது ஓட வெடிப்பு இருக்கணும்."

"தேங்காய் வச்சுப் பாக்கிற மாதிரிதான்னு சொல்லு. துளை பொய்ச்சுப் போனா துட்டு யாரு கொடுப்பா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. பையில் இருந்த அத்தனை காகிதங்களிலும் எத்தனை மெகாவாட் கிடைக்கும் என்று இருந்தது. இந்தக் கேள்விக்கு ஒரு வரி கிடைக்குமா என்று அன்றிரவு மறுபடியும் எல்லாவற்றையும் புரட்டினேன். படிக்கப் படிக்க, அண்ணன் கேட்டதுதான் இந்த விஷயத்தின் கழுத்தெலும்பு என்று தெரிந்தது. 1904-லிருந்து நூற்றிருபது வருஷம் ஆகியும் உலகம் முழுவதிலும் சேர்த்துச் சுமார் பதினைந்தாயிரம், பதினாறாயிரம் மெகாவாட்டுக்குத்தான் புவிவெப்ப மின்நிலையங்கள் இருக்கின்றன. பூமிக்குள் சூட்டுக்கா பஞ்சம்? இல்லை. செலவில் பெரும் பங்கு துளைப்பதற்கே போய்விடுகிறது. அந்தப் பணம் முழுவதையும் முதலிலேயே பூமிக்குள் போட்டுவிட்டு, வருகிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். காற்றாடி வைக்கிறவர் ஒரு கம்பத்தில் கருவியைக் கட்டி வருஷம் முழுவதும் காற்றை அளந்த பிறகு பணம் போடுவார். துளை போடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது.

இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொன்ன நாடு ஐஸ்லாந்து. ரெய்க்யவிக் நகரத்துப் பெண்கள் ஒரு காலத்தில் அழுக்கு மூட்டையைச் சுமந்துகொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து, ஊருக்கு வெளியே இருந்த வெந்நீர் ஊற்றில் துணி துவைத்தார்கள். பனியில் வழுக்கி, கொதிக்கும் நீரில் விழுந்து செத்தவர்கள்கூட உண்டு. அந்தத் துவைக்கிற இடத்திலேயே துளை போட்டு, 1930-ல் குழாய் வழியாக வெந்நீரைக் கொண்டுவந்து ஒரு பள்ளிக்கூடத்தையும் சில வீடுகளையும் சூடாக்கினார்கள். அதுவரை நிலக்கரிப் புகையில் மூழ்கிக் கிடந்த நகரம் அது. இன்றைக்கு அந்த நாட்டில் பத்தில் ஒன்பது வீடுகளுக்குப் பூமியின் சூடுதான். இதைச் சாதித்தது வெறும் ஊற்று அல்ல. 1960-களில் சர்க்கார் ஒரு நிதி ஏற்படுத்தியது. வெந்நீர் தேடித் துளை போட ஊர்களுக்கு அதிலிருந்து கடன் கொடுத்தார்கள். துளை பொய்த்தால் கடனைத் தள்ளிவிடலாம். வெந்நீர் வந்தால் கட்ட வேண்டும். இந்த ஒரு விதியைப் படித்தபோது நான் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் வழியாகத் தோட்டத்தைப் பார்த்தேன். இருட்டில் ஒன்றும் தெரியவில்லை.

கென்யாவின் கதை இன்னும் நம் கதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே ஓல்கரியா என்ற இடத்தில் 1950-களில் இரண்டு துளைகள் போட்டார்கள். சூடு இருந்தது, ஆவி நிலையாக வரவில்லை. விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். 1970-களில் ஐக்கிய நாடுகளின் உதவி கிடைத்தபோது மறுபடியும் துளைத்தார்கள். 1981-ல் 15 மெகாவாட்டில் ஆரம்பித்தது. 2008-ல் துளைப்பதற்கென்றே சர்க்கார் ஒரு கம்பெனி வைத்தது. நஷ்டம் வந்தால் அது சர்க்காருடையது. ஆவி வந்தால் மின்சாரக் கம்பெனிகளுக்கு விலைக்குக் கொடுப்பார்கள். இப்போது அந்த நாட்டு மின்சாரத்தில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் பூமியின் சூட்டிலிருந்து வருகிறது. பணக்கார நாடு அல்ல. நம்மைவிட ஏழை நாடு.

நம்மிடம் என்ன நடந்தது? லடாக்கில் பதினாலாயிரம் அடிக்கு மேல் பூகா என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. பனிக்கு நடுவே ஊற்றுகள் கொதிக்கின்றன. 1970-களிலேயே நம் புவியியல் துறையினர் அங்கே துளைத்துப் பார்த்து, சூடு நன்றாக இருக்கிறது என்று எழுதி வைத்தார்கள். ஒரே ஒரு மெகாவாட் சோதனை நிலையத்துக்கு எண்ணெய் இயற்கை வாயுக் கழகத்தோடு ஒப்பந்தம் ஆனது 2021 பிப்ரவரியில். நடுவில் ஏறக்குறைய ஐம்பது வருஷம். தெலுங்கானாவில் மணுகூருவில் சிங்கரேணி நிலக்கரிக் கம்பெனியார் கரி தேடித் துளை போட்ட இடத்தில் வெந்நீர் பீறிட்டு வந்தது. அதில் 20 கிலோவாட் சோதனை நிலையம் ஒன்று வைத்தார்கள். எங்கள் தோட்டத்து ஐந்து குதிரைச் சக்தி மோட்டார் ஐந்து ஓடும், அவ்வளவுதான். ஆனால் கரி தேடப் போன துளையில் கரிக்குப் பதில் கிடைத்தது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. நான் கதையில் எழுதியிருந்தால், செயற்கையாக இருக்கிறது என்று வாசகர்கள் கடிதம் போட்டிருப்பார்கள்.

மறுநாள் இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். ஐஸ்லாந்து விதியை இரண்டு தடவை சொல்லச் சொன்னார்.

"பொய்ச்சா தள்ளுபடி, வந்தா கட்டணும்?"

"ஆமாண்ணே."

"எவனோ போர் போட்டு நொந்தவன்தான் அந்தச் சட்டத்தை எழுதியிருக்கான்" என்றார்.

நம் பாறைக்கு வழியே இல்லையா என்று கேட்டார். அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களின் வித்தையை எடுத்துக்கொண்டு, காய்ந்த கருங்கல்லிலேயே கீழே போய்ப் படுக்கை வாட்டத்தில் துளைத்து, வெடிப்பை உண்டாக்கி, ஒரு துளையில் தண்ணீரை விட்டு மறு துளையில் சூடாக எடுக்கிறார்கள் என்று சொன்னேன். அங்கே சூடு நம் பாறையைவிட மிக மேலே இருக்கிறது. அந்த வித்தையிலும் விவகாரம் உண்டு. 2006-ல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்துக்கடியில் அப்படித் தண்ணீரைச் செலுத்தியபோது பூமி நடுங்கி, வேலையை நிறுத்தினார்கள். சிவகிரியில் ஒன்பது கிலோமீட்டர் போக வேண்டும் என்ற என் ரயில் கணக்கையும் சொன்னேன்.

"மூணாவது போர் மாதிரி முப்பது போரை ஒண்ணுக்குக் கீழ ஒண்ணாப் போடணும்" என்று மனக்கணக்காகச் சொல்லிவிட்டார். "அது நமக்கு வேண்டாம்லே. லடாக்குல எடுத்துக் கம்பியில அனுப்பட்டும். எடுத்துக்கிட்டே இருந்தா அந்தச் சூடும் வத்திருமா, நம்ம கிணறு மாதிரி?"

அதுவும் நடந்திருக்கிறது. கலிபோர்னியாவில் கெய்ஸர்ஸ் என்ற இடத்தில் அளவுக்கு மீறி ஆவியை உறிஞ்சி, 1980-களின் கடைசியில் அழுத்தம் விழுந்துவிட்டது. பிறகு பக்கத்து ஊர்களின் கழிவு நீரைச் சுத்தம் செய்து மைல்கணக்கில் குழாய் போட்டுக் கொண்டுவந்து பூமிக்குள் விட்டுத்தான் சமாளித்தார்கள். இதைக் கேட்டு அண்ணன் ஆச்சரியப்படவில்லை. "எங்கேயும் அப்படித்தான் போல" என்றார்.

ஊருக்குப் புறப்படுகிற அன்று, பொய்த்த மூன்று துளைகளுக்கும் மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நானாக ஒரு கணக்குப் போட்டு, பாதியைக் காசோலையாக எழுதி நீட்டினேன்.

"இது எதுக்கு?"

"மூணு துளைக்கு. என் பாதி."

அவர் அதை வாங்கி, கண்ணாடி போட்டுக்கொண்டு தொகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார்.

"வந்த தண்ணியில பங்கு கேட்டியா நீ? இல்லேல்ல. வராததுல மட்டும் என்ன பங்கு?" என்றவர் சற்று நேரம் கழித்து, "அன்னைக்குக் கொடுத்திருந்தா எலுமிச்சந் தோட்டம் இருந்திருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. இன்றைக்கு வெயில் அதிகம் என்பது போலச் சொன்னார்.

மூன்றாவது துளையைச் சிமெண்டுப் பலகை போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். அம்மா அதன்மேல் பழைய வேட்டி ஒன்றை விரித்து வடகம் பிழிந்துகொண்டிருந்தாள். "இந்தப் பலகை நல்லா சுடுதுய்யா, ஒரே நாள்ல காஞ்சிருது" என்றாள். காசோலையைப் பையிலிருந்து எடுத்து அவள் கையில் கொடுத்தேன். வடக மாவு ஒட்டிய விரலால் வாங்கி, என்ன ஏது என்று கேட்காமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். பஸ் வந்துவிட்டது.